தெரிந்த புகை

பணி இடைநிறுத்தம் செய்யப்பட்ட ஓர் உத்தியோகத்தர், முன் அனுமதி இல்லாமல் தமது கடமைத்தலத்துக்குள் நுழையக் கூடாது. இது ஒரு விதி. விசாரணைக்காகச் சம்பவ இடம் பார்வையிடப்படும்போது குற்றஞ்சாட்டப்பட்டவர் அங்கே நிற்க வேண்டும். இது இன்னொரு விதி. இரண்டுமே நல்ல விதிகள். நான் வேலையில் இருந்த காலத்தில் இரண்டையும் பலர் மீது பிரயோகித்திருக்கிறேன்.

சம்பவ இடமும் கடமைத்தலமும் ஒன்றாகவே இருந்து, அந்த ஒன்றும் ஒரு மலை உச்சியில் இருந்தால் எந்த விதியைப் பின்பற்றுவது என்று கேட்டு வனத் திணைக்களத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

பதில் வராததை ஆட்சேபம் இல்லை என்று பொருள்கொள்வது எங்கள் பக்கத்து நிர்வாகத்தில் பழைய வழக்கம். ஆகவே செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, சிறுபோக அறுவடை முடிந்து வயலெல்லாம் வைக்கோல் வாடை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூடாரக்கல் மலையின் அடிவாரத்தில் மூன்று பேர் வான் வண்டியை விட்டு இறங்கினோம்.

மூவர்

ஒருவர் கனகசபை. பாண்டிருப்புக்காரர். மாவட்டச் செயலகமான கச்சேரியில் என்னோடு ஒரே நாளில் எழுதுநராகச் சேர்ந்து, ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றவர். இந்த வழக்கில் அவர்தான் விசாரணை உத்தியோகத்தர். ஓய்வு பெற்றவர்களுக்குத் திணைக்களங்கள் கொடுக்கும் உபகாரம் இது. வேலையில் இருப்பவர்கள் யாரும் மலையேற மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மற்றவர் சம்சுதீன். சம்மாந்துறையைச் சேர்ந்தவர். கூடாரக்கல் உச்சியில் இருக்கும் தீக்காவல் குடிலில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து காட்டைப் பார்த்தவர். ஊரில் அந்தக் குடிலைப் 'புகைக்கொட்டில்' என்பார்கள். முந்திய வருடம் கச்சான் காற்று வீசிய காலத்தில் மலையடிக் காடு பற்றி, தேக்கங்கன்றுகள் எரிந்துபோயின. காலையிலிருந்தே புகை எழும்பியும் சம்சுதீன் பிற்பகல்வரை அறிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஒரு வாரத்தில் வேலையை நிறுத்தினார்கள். குற்றப்பத்திரத்தைக் கையில் கொடுக்கப் பதினொரு மாதம் எடுத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும். ஓய்வுபெற அவருக்கு மூன்று வருடம்தான் மீதி.

மூன்றாவது ஆள் நான். சம்சுதீன் சார்பில் வாதாட வந்தவன். குற்றப்பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தபோது, "ஏன் என்னட்ட வந்தீங்க?" என்று கேட்டேன்.

"கல்முனையில சட்டம் தெரிஞ்ச ஆள் நீங்கதான் எண்டு எல்லாரும் சொல்றாங்க சேர்."

அந்த வசனத்தை நான் மறுக்கவில்லை. அன்றைக்கு மறுக்க எனக்குக் காரணமும் தெரிந்திருக்கவில்லை.

குடிலின் பதிவுப் புத்தகத்தை விசாரணைக்குக் கேட்டேன். அது குடிலின் பொருட்பட்டியலில் சேர்க்கப்பட்ட பொருள், ஆகவே குடிலை விட்டு அகற்ற முடியாது என்றார்கள். குடிலுக்கோ சம்சுதீனுக்குப் பிறகு ஒருவரையும் நியமிக்கவில்லை. ஒரு வருடமாகக் காட்டை அந்தப் புத்தகம் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. புத்தகம் இறங்காது என்றால் நாங்கள் ஏற வேண்டியதுதான்.

ஏற்றம்

ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். கச்சான் அடங்கியிருந்த காலை. புல் நுனியில் ஈரம் கூட இருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் மாரி வரும் என்று நம்பலாம் போன்ற ஈரம். சம்சுதீன் முன்னே, கையில் ஒரு யானை வெடியோடு. நடுவில் கனகசபை, கறுப்புக் குடையோடு. பின்னால் நான், மனைவி கட்டித் தந்த இடியப்பப் பொதியோடும் வழக்குக் கோவையோடும்.

பாதையில் யானைச் சாணம் கிடந்தது. சம்சுதீன் குனிந்து காலால் புரட்டிப் பார்த்தார்.

"நேத்தையது. பயமில்ல."

"நேத்தையது எண்டு அதுல திகதி போட்டிரிக்கா?" என்றார் கனகசபை.

"திகதி போட்டா சேர்மாருக்கு லேசு. எங்களுக்குச் சூடுதான் கணக்கு."

நடந்துகொண்டே புகையைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் படித்த ஒரே பாடம் அது. வைக்கோல் எரித்தால் புகை கட்டையாக, அகலமாக எழும்பும். காட்டை அழித்துச் செய்யும் சேனைப் பயிருக்கு வெட்டிப்போட்ட பற்றை எரிந்தால் கறுப்பு கலந்து, விட்டுவிட்டு வரும். அடுப்புப் புகை வெள்ளை. காலைக் காற்றில் தூண் மாதிரி நேரே நிற்கும். காட்டுத் தீயின் புகை மஞ்சளாகி நிலத்தோடு படுக்கும்.

"நிக்கிற புகைக்கு ஆள் இரிக்கி. படுக்கிற புகைக்கு ஆள் இல்ல. அதத்தான் நாங்க பாக்கிற."

குடிலில் அவர் தேநீர் வைப்பதுகூடச் சிரட்டைக் கரியில்தானாம். புகை எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும் என்று அவருடைய கடமைப் பட்டியல் சொல்கிறது. முன்கூட்டி அனுமதி பெற்ற புகைக்கு மட்டும் விலக்கு. விறகு வைத்தால் தன்னைத் தானே அறிவிக்க வேண்டி வரும்.

இப்படிப்பட்ட ஒரு மனிதர் ஏன் ஐந்து மணித்தியாலம் வாய் திறக்கவில்லை? அதைத்தான் நான் பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய வாக்குமூலம் இரண்டே வரி. 'புகையைக் கண்டேன். காலையில் அறிவிக்கவில்லை.' ஏன் என்று கேட்டால் நிலத்தைப் பார்ப்பார்.

அரைவாசி ஏறியதும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம். இடியப்பமும் மாசிச் சம்பலும் சாப்பிட்டு, போத்தலில் கொண்டுவந்த, பாலில்லாத பிளேன்ரீயைப் பங்கிட்டோம். சம்சுதீன் மெல்ல என் பக்கம் சரிந்தார்.

"சேர், இதுக்கு மேல கல்லுதான். உங்கட முழங்காலுக்கு ஏலாது. இஞ்சயே இரிங்க. மேல என்ன தெரியும் எண்டு நான் கடதாசில கீறித் தாறன்."

"கீறின படம் சாட்சியமாகாது."

"அப்ப விசாரிக்கிற பெரியவர் மட்டும் போய் வரட்டும்."

கனகசபை சம்பல் விரலைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஐசே, உம்மட ஆளுக்கு வேல போறத விட உம்மட முழங்கால் போறதுதான் பெரிய கவலையாக் கிடக்கு."

அப்போது எனக்கு அது பாசமாகப் பட்டது.

இளைஞனாக இருந்தபோது ஓர் உதவி அரசாங்க அதிபரோடு பொத்துவில் பக்கம் ஒரு குன்றில் ஏறியிருக்கிறேன். காணிப் பிணக்கு ஒன்று. எல்லைக்கல் எங்கே என்று பார்க்கப் போனோம். பாதி வழியில் அவர் நின்றுவிட்டு, "பார்வையிடப்பட்டது என்று எழுதும்" என்றார். எழுதினேன். ஒருவருடைய வேலியை நான்கு முழம் தள்ளிப்போட்ட தீர்ப்புக்கு அந்த ஒரு சொல்தான் ஆதாரம். அதற்குப் பிறகு எந்தக் கோவையிலும், போகாத இடத்துக்குப் போனதாக நான் எழுதியதில்லை. முழங்கால் வலித்தாலும் எழும்பி நடந்ததற்கு அதுதான் காரணம்.

கதவுக்கு வெளியே

உச்சி தட்டையான பெரும் பாறை. அதன் நடுவில் நான்கு தூணில் ஒரு தகரக் கூரைக் குடில், நாலு பக்கமும் யன்னல். கிழக்கே வயல்வெளியும் குளங்களும், அதற்கப்பால் வெள்ளைக் கோடாகக் கடலும் தெரிந்தன. காற்று கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

திணைக்களம் முத்திரையிட்டுக் கொடுத்த கடித உறையைக் கனகசபை கிழித்து, உள்ளே இருந்த திறப்பால் கதவின் பூட்டைத் திறந்தார். சம்சுதீன் நிலைப்படிக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டார்.

"வாரும்" என்றார் கனகசபை.

"உள்ளுக்கு வர எனக்குத் தடை இரிக்கி சேர்."

நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். குடில்தான் கடமைத்தலம், பாறை கடமைத்தலம் அல்ல. அவர் பாறையில் நின்றால் முதல் விதி மீறப்படாது. கதவு திறந்திருப்பதால் அவர் உடனிருக்கிறார், இரண்டாம் விதியும் நிறைவேறுகிறது. இதை நான் விளக்கியபோது கனகசபை குடையை உயர்த்தி மரியாதை செய்தார். எனக்கும் என் மேல் மதிப்பாகத்தான் இருந்தது.

"புத்தகம் மேசைக்குக் கீழ, பிஸ்கட் டின்னுக்குள்ள இரிக்கி. கறையானுக்குப் பயந்து வச்ச" என்று சம்சுதீன் வெளியே இருந்து சொன்னார்.

டின் துருப்பிடித்திருந்தது. புத்தகம் நன்றாக இருந்தது. கனகசபை கண்ணாடியை மாட்டி, அந்த நாளின் பக்கத்தைத் தேடி எடுத்து உரத்து வாசித்தார்.

"காலை ஒன்பதரை. தென்மேற்கே மூண்டு புகை. வெள்ளை. நேர். தெரிந்த புகை."

நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். "தெரிந்த புகை எண்டா ஆர்ர புகை?"

"எனக்குத் தெரிஞ்ச புகை சேர்."

"அது விளங்குது. ஆர் மூட்டின புகை?"

கனகசபை பெருமூச்சு விட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"பன்னிரண்டு மணி. தண்ணிப் பவுசர் திரும்பிப் போகுது." அடுத்தது: "இரண்டேமுக்கால். புகை படுக்குது. மஞ்சள். உடனே திணைக்களக் கந்தோருக்குப் போன் எடுத்தன்."

பவுசர், அதாவது தண்ணீர் வண்டி, என்ற இடத்திலேயே நான் தென்மேற்கு யன்னலுக்கு நடந்துவிட்டேன்.

யன்னலில் ஓர் ஆணி

தென்மேற்கு யன்னலின் சட்டத்தில் சம்சுதீன் ஓர் ஆணி அடித்து, திசைகளைக் கத்தியால் கீறியிருந்தார். கீறலோடு கண்ணை வைத்துப் பார்த்தேன்.

கீழே மலையின் மறுபக்கம். ஒரு வெள்ளைக் குப்பா, அதாவது குவிமாடம். அதன் பக்கத்தில் பெரிய பாலை மரம். மரத்துக்கு முன்னால் வெட்டவெளி. அந்த வெளியிலிருந்து கருகிய நிலம் விசிறி போல விரிந்து வடகிழக்கே ஏறி, எரிந்த தேக்கங்கன்றுகள் வரை வந்திருந்தது. ஒரு மாரி பெய்தும் தழும்பு மறையவில்லை. விசிறியின் பிடி இருந்த இடத்தில் மூன்று கறுப்பு வட்டங்கள்.

அந்த வட்டங்களை எனக்குத் தெரியும். அவற்றின் மேல் கிடாரம் வைத்து நெய்ச்சோறு ஆக்கியது நாங்கள். இறைநேசர் ஒருவர் அடங்கிய அந்த ஸியாரத்தில் வருடா வருடம் நடக்கும் கந்தூரி விருந்தின் செயலாளர் நான்.

ஏன் இது முன்பே விளங்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். குற்றப்பத்திரத்தில் இடத்தின் பெயர் இல்லை, காட்டுக் கூறின் இலக்கம்தான் இருந்தது. கந்தூரியை நாங்கள் பிறை பார்த்து வைப்போம். பிறைத் திகதியை இங்கிலீஷ் திகதியோடு நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஸியாரத்துக்குக் குளக்கட்டு ரோட்டால் போவோம். அது கூடாரக்கல்லின் பின்பக்கம் என்பது மேலே நின்றால்தான் தெரியும். நண்பகல் லுஹர் தொழுது, சோறு பங்கிட்டு, இரண்டு மணிக்கு முன்பே நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். காடு எரிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். காடு எந்த வருடம்தான் எரியவில்லை?

இவை எல்லாம் விளக்கங்கள். குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது.

கந்தூரிக்குத் தீ மூட்ட அனுமதி எடுக்க வேண்டாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டபோது, ஸியாரத்தின் காணி அறக்கொடையான வக்பு காணி, ஒதுக்கக் காடு அல்ல, ஆகவே அனுமதி தேவையில்லை என்று இரண்டு பக்கத்தில் அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தவன் நான். கமிட்டி அதைச் சட்டகம் போட்டுத் தொங்கவிடாததுதான் குறை. காணி யாருடையது என்று தீ பார்க்காது என்பது அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பவுசர் அதைவிட மோசம். ஓர் அலுவலகத்தில் எழுதி இரவல் வாங்கியது. பத்திரத்தில் 'நண்பகல் பன்னிரண்டு மணி வரை' என்று இருந்தது. பன்னிரண்டு அடித்ததும், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் சமையற்காரர் வந்து, "அடுப்புக்கு இன்னும் தண்ணி ஊத்தல்ல காக்கா, பவுசர் ஒரு அரமணித்தியாலம் நிக்கட்டும்" என்றார். நான் பத்திரத்தைக் காட்டினேன். "நேரம் நேரம்தான். மண்ணப் போட்டு மூடுங்க, போதும்." பாதித் தண்ணீரோடு பவுசர் போய்விட்டது. பிற்பகல் கச்சான் எழும்பி மண்ணைக் கிளறியிருக்கிறது.

அந்தப் பவுசரைத்தான் மேலிருந்து ஒருவர் பார்த்து எழுதியிருக்கிறார்.

கடலைப் பார்த்தவர்

யன்னலிலிருந்து திரும்பினேன். கனகசபை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கந்தூரிச் சோற்றில் பல வருடம் அவருக்கும் பங்கு போயிருக்கிறது. அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் புத்தகத்தை மூடவில்லை. எழும்பி, கிழக்கு யன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"கடல் வடிவாத் தெரியுது ஐசே" என்றார். "தென்மேற்கில எனக்கு வெயில் அடிச்சு ஒண்டும் தெரியல்ல. வயசு போன கண். வேணுமெண்டா அப்படியே எழுதலாம்."

வெளியே நின்ற சம்சுதீனிடம் போனேன். அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"தெரிஞ்சுதானா என்னட்ட வந்தீங்க?"

"ஓம் சேர்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"ஒவ்வொரு வருசமும் நார்சாச் சோறு மலைக்கு அனுப்புற ஆக்கள் நீங்க. வாளி சூடு ஆற முந்தி வரும். அத உண்டுபோட்டு உங்கட பேர எப்படி எழுதுற?"

கந்தூரியில் பங்கிடும் சோற்றைத்தான் நாங்கள் நார்சா என்போம். மலைக்கு ஒரு வாளி அனுப்ப வேண்டும் என்று என் பட்டியலில் ஒரு வரி உண்டு. அந்த வரி யாருக்கு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"சட்டத்துல வேற வழி ஒண்டு இரிக்கும், நீங்க கண்டுபுடிப்பீங்க எண்டுதான் வந்தன்" என்றார். "மலைக்கு ஏறுவீங்க எண்டு நினைக்கல்ல."

முழங்காலைப் பற்றிய அவருடைய கவலை இப்போது எனக்கு விளங்கியது.

வேறு வழி இருந்தது. உண்மையில் மூன்று இருந்தன, ஏறும்போதே யோசித்து வைத்திருந்தேன். குற்றப்பத்திரம் தாமதமானது. திணைக்களம் பதில் ஆளை நியமிக்காதது. காலைப் புகையைக் கண்டதாகச் சொன்ன சாட்சிகளின் தூரம். ஆனால் மூன்றும் வழக்கை இழுத்துத்தான் தரும். புகை யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் அவரை எந்த வாதமும் முழுதாக மீட்காது. அந்தப் பதிலைச் சாட்சியாகச் சொல்லக்கூடியவர்கள் அந்த மலையில் இரண்டு பேர்தான். ஒருவர் சொல்ல மாட்டார்.

"கனகசபை, இஞ்சால திரும்பும்" என்றேன். "அது என்ர அடுப்பு. எழுதும்."

அவர் திரும்பவில்லை. "எழுதினா நீர் இந்த வழக்கில அவருக்காகக் கதைக்க ஏலாது. ஒரே ஆள் வாதாடவும் சாட்சி சொல்லவும் முடியாது."

"விதி எனக்கும் தெரியும்."

"சாட்சி எண்டதும் மரியாதைக்குச் சொல்றது, உள்ளபடி நீர்தான் குற்றவாளி" என்றார் கனகசபை. அதன் பிறகுதான் திரும்பி உட்கார்ந்து பேனையைத் திறந்தார். என் பெயரைத் தந்தையின் பெயரோடு முழுதாகக் கேட்டு எழுதினார். நாற்பது வருடமாகத் தெரிந்த பெயர்.

கடிதம்

இறங்க ஏறியதைவிடக் கூட நேரம் எடுத்தது. சம்சுதீன் முன்னே போய்க் கால் வைக்கும் கல்லைக் காட்டிக்காட்டி என்னை இறக்கினார். அடிவாரத்தில் வான் வண்டியில் ஏறும்போது, "உங்கள மாட்டிவிட்டதாப் போச்சு சேர்" என்றார்.

"நான்தான் உங்கள மாட்டிவிட்ட" என்றேன்.

அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன். வாதாடும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். குறித்த நாளில் எழும்பிய மூன்று புகையும் நான் பொறுப்பாக இருந்த கந்தூரி அடுப்புகளின் புகை. அனுமதி பெறவில்லை, தேவையில்லை என்று அபிப்பிராயம் கொடுத்ததும் நான். அடுப்பை அணைக்கும் முன் பவுசரை அனுப்பியதும் நான். காவலாளி காலையில் கண்டது சமையற் புகை. தீயின் புகையைக் கண்ட உடனே அவர் அறிவித்திருக்கிறார்.

மனைவி மேசையருகில் நின்று வாசித்தார்.

"முப்பத்தி நாலு வருசம் மத்தவங்கட பிழையத்தான் எழுதினீங்க. இண்டைக்குத்தான் எழுத்து வடிவாயிரிக்கி" என்றார்.

கமிட்டியில் எல்லாரும் இப்படிப் பாராட்டவில்லை. ஒருவர் எனக்கு ஸலாம் சொல்வதை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார். செயலாளர் பதவியை நான் விட்டேன். விட்டதற்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானமும் நிறைவேற்றினார்கள். அதில் என் நீண்டகாலச் சேவையைப் பற்றி எதுவும் இல்லை.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கனகசபையின் அறிக்கையும் ஒரு மாதத்தில் போனது. பிறகு மாரி வந்தது, போனது. சிறுபோகம் வந்தது, போனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் எழுதினேன். சம்சுதீன் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் கண்டால் சிரிப்பார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டார். கேட்காமல் இருப்பது கேட்பதைவிடப் பாரமாக இருந்தது.

பதில் ஒரு தாளில் இரண்டு பந்தி எழுத்து. முதற்பந்தி: காலைப் புகை தீயல்ல என்பதால் சம்சுதீன் மீதான குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, இடைநிறுத்தப்பட்ட நாள் முதல் தொடர்ச்சியாகச் சேவையில் இருந்ததாகக் கருதி அவர் கூடாரக்கல்லுக்கே மீள அமர்த்தப்படுகிறார். இரண்டாம் பந்தி: நான் கடுமையாக எச்சரிக்கப்படுகிறேன்.

ஓய்வு பெற்றவரை ஒரு திணைக்களம் ஒழுக்காற்று முறையில் எச்சரிக்க முடியாது. அதுவும் தன்னிடம் ஒருநாளும் வேலை செய்யாதவரை எச்சரிக்கவே முடியாது. ஆட்சேபித்து எழுதினால் நான் வெல்வேன். எழுதவில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் வாங்காத எச்சரிக்கை. என் கோவையில் முறைப்படி சேர்த்து, வலது மூலையில் கிடைத்த திகதியைச் சிவப்பு மையால் குறித்தேன். நாங்கள் மலையேறி ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. பெரும்போக வயல்களில் கதிர் தள்ளத் தொடங்கிய ஜனவரி, இரண்டாவது வியாழக்கிழமை.